நானூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம்

ஹால்வர் ஃபால்ஸ், மினசோட்டா
மார்ச் 4, 2024

லவோனுக்கு,

இன்று மார்ச் நான்கு, திங்கட்கிழமை. எனக்கு வயது எண்பத்திரண்டு, ஏழு மாதம், ஒன்பது நாள். இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்திக்கு எழுதும்போது, எழுதுகிறவள் உயிரோடிருக்கிறாள் என்பதை முதல் வரியிலேயே நிறுவிவிடுவது மரியாதை. நான் செத்திருந்தால் உனக்கு எப்படியும் தெரிந்திருக்கும். நம் ஊர்ப் பத்திரிகைக்கு நீ அரிசோனாவிலிருந்து இன்னும் சந்தா கட்டுகிறாய் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். மரண அறிவித்தல்களுக்காகத்தான் என்று ஊகிக்கிறேன்.

காரியத்துக்கு வருகிறேன். நாம் இருவரும் சேர்ந்து எழுதிய ‘அன்றாட ஆங்கிலத்தில் கூட்டுவினைகள்’ நூலை மறுபதிப்புச் செய்து, குடியேறி வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எல்லா வகுப்புகளுக்கும் அனுப்ப மாநில முதியோர் கல்வித் துறை முன்வந்திருக்கிறது. ஆசிரியர் இருவரும் ஒப்புதல் தாளில் கையெழுத்திட வேண்டும். மே பத்தாம் தேதிக்குள் தாள் செயின்ட் பால் நகரிலுள்ள அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் செல்லாது.

புத்தகம் வராவிட்டால், தேவாலயத்தின் நிலவறையில் நான் நடத்தும் வகுப்பை மூடிவிட்டு, மாணவர்களிடம் ஒரு கணினிப் பயிற்சியைக் கொடுத்துவிடுவார்கள். அதை எனக்குச் செய்து காட்டினார்கள். சரியான விடையைத் தட்டினால் திரையில் ஒரு முயல் கைதட்டுகிறது. தவறான விடைக்கும் தட்டுகிறது, சற்று மெதுவாக.

என் வகுப்பில் பதினான்கு பேர். பெரும்பாலோர் வான்கோழித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். ஹோதான் என்றொரு பெண், சோமாலியாவில் மருந்தாளராக இருந்தவள். ‘ஒத்திவைப்பு’, ‘சகிப்புத்தன்மை’ என்பனவற்றுக்குரிய முழநீள ஆங்கிலச் சொற்களெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் தொழிற்சாலையில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. ஒரு குட்டி வினையை எடுத்து, அதன் வாலில் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்று எதையாவது கட்டி வீசுகிறார்கள். போன வாரம் என்னிடம் வந்து நின்றாள்.

“டீச்சர், ‘லுக்’னா பாக்கறது. சரி. ‘லுக் ஆஃப்டர்’னா பாத்துக்கறது. அதுவும் சரி. ‘லுக் டவுன் ஆன்’னா மாடியிலேர்ந்து கீழே பாக்கறதுன்னு நெனச்சிட்டேன். என் மேஸ்திரி அப்படிப் பாக்கறான்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். அது மட்டமா நெனக்கறதாம்.”

இவளை ஒரு முயலிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

நமக்குள் நடந்ததை நான் மறந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். என் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்திடலாம் என்கிறேன். தாளும் தபால்தலை ஒட்டிய உறையும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
ஆர்டிஸ் டோலெஃப்சன்


மேசா, அரிசோனா
மார்ச் 13

அடி ஆர்டிஸ்,

இருபது வருஷம் கழித்து ஒரு கடிதம், அதில் ‘எப்படி இருக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை இல்லை. உன் வயது மட்டும் நாள் கணக்கில் வந்திருக்கிறது. உறையைத் திறக்கும்போது யாராவது ஏமாற்றுக்காரன் உன் பெயரில் எழுதியிருப்பானோ என்று பயந்தேன். முதல் பத்தியைப் படித்ததும் பயம் போய்விட்டது. இப்படி எழுத உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நன்றாக இருக்கிறேன். இங்கே இதமான வெயில், ஃபாரன்ஹீட்டில் எண்பது டிகிரி. காலையில் குளத்தில் நீர்ப்பயிற்சி. பன்னிரண்டு கிழவிகள் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி மிதக்கிறோம். பயிற்சி கொடுக்கிறவனுக்கு அறுபத்தைந்து வயது. அவனை நாங்கள் ‘தம்பி’ என்கிறோம்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

ஏன் என்று தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய். பக்கம் நூற்று முப்பத்தேழு. ‘பொறுத்துக்கொள்வது’ என்ற பொருளில் வரும் ‘புட் அப் வித்’. வாக்கிய எண் நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு மனப்பாடம்: “இருபத்தெட்டு வருஷமா அவன் சூப்பு உறிஞ்சுற சத்தத்தைப் பொறுத்துக்கிட்டு இருக்காளே, அது அன்பு இல்ல, எழுந்து போகச் சோம்பல்.”

ஹால்வர் ஃபால்ஸில் அன்றைக்கு இருபத்தெட்டு வருஷம் ஆன கல்யாணம் எத்தனை? என் புருஷனாயிருந்த டுவேனைப் போலச் சூப்பு உறிஞ்சுகிறவன் எத்தனை பேர்? தேவாலய விருந்தில் அவன் கரண்டியைத் தூக்கினால் பாஸ்டர் ஜெபத்தை நிறுத்துவார்.

புத்தகம் அச்சுக்குப் போனபோது நான் ஃபார்கோவில் அம்மாவின் முறிந்த இடுப்புக்குக் காவல் இருந்தேன். திரும்பி வந்தபோது புத்தகம் ஊர் முழுக்க விற்றிருந்தது. யாரும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஆளாளுக்கு ஹாட்டிஷ் கொண்டுவந்தார்கள். இறைச்சி, உருளைக்கிழங்கு, மேலே காளான் சூப்பு ஊற்றிச் சுட்டது. ஒரே வாரத்தில் ஏழு பாத்திரம். நம் ஊரில் வீட்டில் சாவு விழுந்தால்தான் ஏழு வரும்.

நம் விதி என்ன? வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது. லாயிடின் காபிக்கடையில் மூலை மேசையில் உட்கார்ந்து, ஊரார் வாயால் சொன்னதை மட்டும் அட்டையில் எழுத வேண்டும். பின்பக்கம் யார் சொன்னார், எப்போது என்று குறிக்க வேண்டும். முன்னுரையில் இதைச் சத்தியம் மாதிரி எழுதியவள் நீ. அப்படியானால் அந்த வாக்கியத்தை யாரோ சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கேட்டேன், நீ சொல்லவில்லை. இன்றைக்கும் அதையே கேட்கிறேன்.

பெயரைச் சொல். கையெழுத்து வரும். சொல்லாவிட்டால் உன் முயலுக்கு என் வாழ்த்து.

லவோன்


ஹால்வர் ஃபால்ஸ்
மார்ச் 20

லவோனுக்கு,

‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்காதது பிழைதான். எப்படி இருக்கிறாய்? பதில் முன்பே வந்துவிட்டபடியால் மேலே செல்கிறேன்.

பெயரைத் தர இயலாது. லாயிடின் கடையில் நம்மை ஒன்பது ஆண்டுகள் உட்காரவிட்டது நம் காபி ஆசைக்காக அல்ல; யார் எதைச் சொன்னார் என்பது வெளியே போகாது என்று நாம் கொடுத்த வாக்குக்காக. அந்த வாக்கு இருந்ததால்தான் மக்கள் நம் காதுபடப் பேசினார்கள். நான் இன்று ஒரு பெயரைச் சொன்னால், மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாக்கியங்களுக்கும் நாளை யாராவது கேட்பார்கள். முன்னூற்று நான்காம் வாக்கியத்தைச் சொன்னவர் இப்போது நகரத் தலைவர்.

உன் மனத்தைத் திருப்ப வேறு வழி தெரியாததால், சென்ற செவ்வாயன்று நடந்ததைச் சொல்கிறேன். ஹோதான் முழங்கை வலிக்காக மருத்துவரிடம் போயிருக்கிறாள். தாதி மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, தன் மகளிடம் பேசுவது போல அன்பாகச் சொல்லியிருக்கிறாள்: “இதைப் போட்டா த்ரோ அப் ஆகலாம், சில பேரு பாஸ் அவுட் ஆவாங்க, பயப்படாதீங்கம்மா, வேர் ஆஃப் ஆயிடும்.” ஹோதான் மூன்று முறை தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த மூன்று வினைகளையும் தாளில் எழுதி அகராதியில் தனித்தனிச் சொல்லாகத் தேடியிருக்கிறாள். எறிவது, மேலே, கடப்பது, வெளியே, அணிவது. மாத்திரையை அவள் போடவே இல்லை.

வகுப்பில் நான் விளக்கியதும், சிரிக்காமல் சொன்னாள்:

“வாந்தி, மயக்கம், தானா சரியாயிடும். இவ்வளவுதானா டீச்சர்? நான் பன்னண்டு வருஷம் மருந்துக்கடை வெச்சிருந்தவ. லத்தீன்ல சொல்லியிருந்தாக்கூடப் புரிஞ்சிருக்கும். குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க பாருங்க, அதான் புரியல.”

நம் நூலில் அந்த மூன்றும் உள்ளன. த்ரோ அப், எண் ஐம்பத்தெட்டு, லாயிடின் கடை மீன் குழம்பைப் பற்றி. லாயிடே சொன்னது.

அவளுக்கு உன் கையெழுத்து தேவை. உனக்கு ஒரு பெயர் தேவை. இரண்டும் ஒரே தராசில் வைக்கத்தக்கவையா என்று யோசி.

டுவேன் நலம். நீ கேட்கவில்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவளை மணந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு இடது காது கேட்காது. சாப்பாட்டு மேசையில் எப்போதும் அவனுக்கு வலப்பக்கம்தான் உட்கார்கிறாள். கெட்டிக்காரி.

ஆர்டிஸ்


மேசா
ஏப்ரல் 1

ஆர்டிஸ்,

முழங்கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாக அந்தப் பெண்ணிடம் சொல். வலிக்குக் கற்றாழை தடவச் சொல். இங்கே வேலியெல்லாம் கற்றாழைதான்.

உன் கடிதத்தை நீர்ப்பயிற்சிக்காரிகளிடம் படித்துக் காட்டினேன். பாதிப் பேர் பெயரைக் கேட்காமல் கையெழுத்துப் போடு என்கிறார்கள். மீதிப் பேருக்கு டுவேனின் பெண்டாட்டியைச் சந்திக்க வேண்டுமாம்.

ஆனால் ஒன்று புரிகிறது. இருபது வருஷமாக நீ என்னைத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்பதற்காகத்தான் நான் பெயர் கேட்கிறேன் என்று நினைக்கிறாய். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு இல்லை. நான் ஏன் கிளம்பினேன் என்பதை உன்னிடம் சொல்லவே இல்லையே. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது கேள்.

ஏழு ஹாட்டிஷும் தீர்ந்த பிறகு, ஒரு புதன்கிழமை மத்தியானம். தக்காளிச் சூப்பு. அவன் ஆரம்பித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன பாக்கறே? உப்பு கம்மியா?”

“இல்ல. சத்தம் ஜாஸ்தி.”

“சூப்புன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்.”

அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் கடைசி மூன்று சொற்கள் மண்டைக்குள் மணி அடித்தன. எழுந்து போகச் சோம்பல். யாரோ ஒருவர் லாயிட் கடையில் காபி குடித்தபடி என்னை இத்தனை துல்லியமாகப் பார்த்திருக்கிறாரே என்று நினைத்தேன். அது உண்மையா என்று பார்க்கத்தான் எழுந்தேன், ஆர்டிஸ். சும்மா ஒரு சோதனைக்கு. எழுந்த பிறகு மறுபடி உட்காருவதற்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

“எங்க போறே?” என்றான்.

“தெரியல. கார்ல போறேன்.”

“வரும்போது சூப்புக்குத் தொட்டுக்க பிஸ்கட் வாங்கிட்டு வா.”

அந்த பிஸ்கட்டை இன்னும் வாங்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். இரண்டு பேர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் முதலில் ஒரு கிண்ணம் சூப்பு கொடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். இருபது வருஷம் நான் வாழ்ந்தேன். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு நல்ல வினை எதுவும் அகப்படவில்லை.

அதனால் கேட்கிறேன். அந்த ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் பத்திரிகையில் நம் ஊர்க்காரர் ஆறு பேரின் படம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ‘இவராக இருந்திருந்தால்?’ என்று படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நன்றி சொல்லாமல் ஒருவரைப் புதைக்க விட்டுவிட்டேனோ என்று.

யாராக இருக்கும் என்று பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பாஸ்டராக இருக்காது, அவர் வாக்கியங்கள் முடிவதே இல்லை. டுவேனின் அக்காவாக இருக்காது, அவளும் உறிஞ்சுவாள். நீயாக இருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. உனக்கு அந்த மாதிரி வாக்கியம் வராது. யாரோ பெற்ற பிள்ளைக்குத் தலைசீவி, சட்டை போட்டுவிடுவாய். பெறுவது உன் வேலை இல்லை. கோபித்துக்கொள்ளாதே, பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

யார், ஆர்டிஸ்?

லவோன்


ஹால்வர் ஃபால்ஸ்
ஏப்ரல் 8

லவோனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். நீ நீச்சல் கற்றது மகிழ்ச்சி.

எனக்கு வாக்கியம் வராது என்கிறாய். இருக்கலாம். அறுநூறு வாக்கியங்களுக்கும் காற்புள்ளி வைத்தவள், அவற்றுள் இருபதை உன் கையெழுத்திலிருந்து மீட்டவள், ‘ஊஃப்டா’ என்று அலுப்பாக ஒரு பெருமூச்சை மட்டும் விட்டுவிட்டுப் போன மனிதர்களிடம் ஒன்பது ஆண்டுகள் வினைச்சொல்லுக்காகக் காத்திருந்தவள் என்ற முறையில், அந்தப் பாராட்டைப் பாராட்டாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

நீ தேடும் நபரைப் பொறுத்தவரை இவ்வளவுதான் கூற முடியும்: அவர் இறக்கவில்லை. ஆனால் நன்றியை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை. இதற்கு மேல் கேட்காதே.

மே பத்துக்கு முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. வகுப்பு அறையைக் காலி செய்தால் அங்கே நாய்களுக்குக் கீழ்ப்படிதல் பயிற்சி நடத்தலாம் என்று தேவாலயக் குழுவில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ‘அது ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கு’ என்றார்கள். நம் ஊரில் அதைவிடக் கடுமையான எதிர்ப்பு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணிக்கையில் அவர்கள் தோற்பார்கள்.

ஆர்டிஸ்


மேசா
ஏப்ரல் 15

என் தங்கமே ஆர்டிஸ்,

கண்டுபிடித்துவிட்டேன்! நீ சொல்லாமல் சொல்லிவிட்டாய். ‘நன்றியை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை’ என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் புரிந்தது: உயிரோடு இருக்கிறார், ஆனால் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே நம் காலத்து ஆள் யார் மிச்சம்? டார்லீன் ஹக்ஸ்டாட். முப்பத்தைந்து வருஷம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முடி வெட்டினவள். கத்திரிக்கோல் கையில் இருக்கும்போது அவள் வாயிலிருந்து விழாத சேதி உண்டா?

உடனே போன் போட்டேன். தாதி போனை அவள் காதில் வைத்தாள்.

“டார்லீன், அந்தச் சூப்பு விஷயம், நீதானே சொன்னே?”

“எந்தச் சூப்பு? இன்னிக்கு இங்க பட்டாணி.”

“இருபது வருஷத்துக்கு முன்னாடி! டுவேன் உறிஞ்சுறது. நான் எழுந்து போகச் சோம்பப்படறேன்னு.”

கரண்டி கிண்ணத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. 

“நல்லா இருந்துச்சா அது?” என்றாள்.

“என் வாழ்க்கையையே மாத்திடுச்சு, டார்லீன்.”

“அப்ப நான்தான் சொல்லியிருப்பேன்.”

நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள், அல்லது பட்டாணி சூடாக இருந்திருக்கும். தொண்ணூற்றொரு வயதில் என்ன அடக்கம் பார்! ஒரு பெட்டி பம்பளிமாஸ் பழம் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். என் மரத்தில் காய்த்தவை.

நீ வாக்கைக் காப்பாற்றினாய், எனக்கும் பெயர் கிடைத்தது. உன் மேல் இருந்த கோபம் எல்லாம் போயிற்று. இதோ கையெழுத்து. பேனா மக்கர் பண்ணியதால் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், இரண்டும் நான்தான். உன் ஹோதானிடம் சொல், முயலை அடித்து விரட்டியாயிற்று.

ஒரே ஒரு வேண்டுகோள். புதுப் பதிப்பின் முதல் பக்கத்தில் ‘டார்லீனுக்கு, சரியான நேரத்தில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக’ என்று போடலாமா? காற்புள்ளி வேண்டிய இடத்தில் நீயே வைத்துக்கொள்.

அன்புடன், நிஜமாகவே அன்புடன்,
லவோன்


ஹால்வர் ஃபால்ஸ்
ஏப்ரல் 23

லவோன்,

தாள் கிடைத்தது. அது நான்கு நாளாக என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நான் கேட்டது அதுதான், வந்துவிட்டது, உறைக்குள் போட்டு அனுப்பினால் என் வகுப்பு பிழைக்கும். உறையை ஒட்டுகிற வேலை ஒன்றுதான் பாக்கி. ஏன் செய்யவில்லை என்பதைச் சொல்கிறேன்.

பம்பளிமாஸ் வந்த அன்றே டார்லீன் அந்த இல்லத்தின் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். சக்கர நாற்காலியை உணவுக்கூடத்தின் நடுவே நிறுத்தச் சொல்கிறாள். ஆளுக்கொரு சுளை கொடுத்து, நானூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியத்தை ஒப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளைப் பார்க்கப் போனபோது, “நூத்தி இருபத்தொண்ணும் நான் சொன்னதுதான், அறுபதும் நான்தான்” என்றிருக்கிறாள். அறுபது, ஒரு பசு கன்று ஈன்றதைப் பற்றி மாட்டு மருத்துவர் சொன்னது. நான் நேற்று போயிருந்தேன்.

“ஆர்டிஸ், நீ நல்லா எழுதிக்கிட்டேடி, நான் சொன்னத” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“ஒரு சொல்லை விட்டுவிட்டாய், டார்லீன். ‘இருக்காளே’ என்று வர வேண்டும்” என்றேன்.

“என் வாக்கியம், நான் எப்படி வேணா சொல்லுவேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நூலைத் திறந்து, அந்த ‘இருக்காளே’வுக்கு அடியில் கோடு போட்டேன்.  

நேற்று மாலை வகுப்பில் பக்கம் நூற்று முப்பத்தேழு வந்தது. ஹோதான் உரக்கப் படித்தாள். பதினான்கு பேரும் சிரித்தார்கள். விளக்கம் சொல்லாமலே சிரித்தது இந்த ஆண்டில் இதுதான் முதல் முறை. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: “டீச்சர், இதச் சொன்னவங்களுக்கு அந்தம்மா மேல ரொம்பப் பிரியம்.”

“அதில் பிரியம் எங்கே இருக்கிறது? வசைதானே இருக்கிறது?”

“பிரியம் இல்லாமலா இருபத்தெட்டு வருஷத்தையும் கூடவே எண்ணியிருக்காங்க?”

மருந்தாளர்களுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த வினைக்குப் போய்விட்டேன்.

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அந்தக் கையெழுத்து ஒரு தவறான பெயரின் பேரில் வாங்கப்பட்டது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் உனக்கு மனமிருந்தால் நீயே நேராகச் செயின்ட் பாலுக்கு அனுப்பு. முகவரி உறையின் மேல் இருக்கிறது. மனமில்லாவிட்டால் கிழித்துப்போடு. ஹோதானிடமும் மற்றவர்களிடமும் நான் சொல்லிக்கொள்கிறேன். நாய்கள் வருவதற்குள் நிலவறையைக் காலி செய்துவிடுவேன். முன்னுரையில் உள்ள சத்தியத்தை நீ நீக்கச் சொன்னால் நீக்குகிறேன், ஏனெனில் அது பொய்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அக்டோபர். நீ ஃபார்கோவில் இருந்தாய். அச்சகம் வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பிரதியையும் கேட்டது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாக்கியங்கள் தயார். ‘புட் அப் வித்’ ஒன்றுக்கு மட்டும் அட்டை இல்லை. மூன்று நாள் லாயிடின் கடையில் காலை முதல் மாலைவரை உட்கார்ந்திருந்தேன். மினசோட்டாவில் எல்லோரும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள், லவோன். ஆனால் ஒருவர்கூட அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இல்லாத ஒரு வாக்கியத்துக்காக நாற்பத்தோரு கோப்பை காபி குடித்தேன்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். உன் வீட்டில் நான் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அவன் கரண்டியைத் தூக்குவான். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய், அங்கே பார்க்க ஒன்றுமே இருக்காது. நான் உப்பை எடுத்துத் தா என்பேன். எத்தனை முறை உப்பு கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கு இரத்த அழுத்தம், நான் உப்பே சேர்ப்பதில்லை. அந்த வாக்கியம் எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு திருத்தம் இல்லை. அறுநூறில் அது ஒன்றுதான் நான் மாற்ற விரும்பாத வாக்கியம்.

நீ திரும்பி வந்து யார் யார் என்று கேட்டபோது, வாக்கு, விதி, லாயிடின் மேசை என்று பெரிய பெரிய தூண்களை எடுத்து என் முன்னால் நிறுத்திக்கொண்டேன். அவற்றுக்குப் பின்னால் இருபது ஆண்டுகள் சௌகரியமாகவே இருந்தது. ஒரு முடிவெட்டுக்காரி வந்து பம்பளிமாஸ் சுளையோடு எனக்கு முன்னால் நிற்கும் வரை.

டார்லீன் சொல்லவில்லை. லாயிடின் கடையில் யாரும் சொல்லவில்லை. ஊரில் எவரும் உன்னைப் பற்றி அப்படி ஒரு சொல் சொன்னதே இல்லை. உன் முகத்துக்கு நேரே சொல்ல இருபத்தெட்டு ஆண்டுகளாக எனக்குத் துணிவு வராததால், அதற்கு ஓர் எண் கொடுத்து நான்தான் அச்சிட்டேன்.